பாஸ்

சென்ற ஆனி மாதம், நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில், நயினாதீவுக்குப் போவதற்காகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றிருந்தேன். என்னுடன் என் அக்காவின் மகளும் வந்திருந்தாள். ஸ்காபரோவிற் பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகவே பேசுவாள். சொல் கிடைக்காத இடத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்துவிட்டு மேலே போய்விடுவாள். கனடாவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பது அவளது தொழில். அவளுடைய வகுப்பில் பெரும்பாலானோர் சீனர்கள்.

வரிசை நீண்டிருந்தது. வெயிலும் கடுமை. பொழுது போக்குவதற்காகத் தன் வகுப்பிலே நடந்த ஒரு சம்பவத்தை அவள் சொன்னாள்.

ஒரு வாரம் வகுப்புக்கு வராமலிருந்த ஒரு மாணவர் திரும்பி வந்தார். ஏன் வரவில்லை என்று இவள் கேட்டிருக்கிறாள். "மை ஃபாதர் பாஸ்ட்" என்றார் அவர். பக்கத்து மேசையில் இருந்த நடுவயதுச் சீனப் பெண்மணி உடனே முகம் மலர்ந்து, "கொங்கிராஜுலேஷன்ஸ்!" என்று சொல்லிக் கையும் தட்டிவிட்டார். அவர் அப்போது குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாராம். தந்தையும் அதே பரீட்சையைத்தான் பாஸ் பண்ணிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்.

"சிரிக்கக் கூடாது மாமா. ஆனா எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அதுக்குப் பிறகு அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஒரு முழு வகுப்பு எடுத்தனான்" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. அவள் அதைக் கவனித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அதற்குள் படகு வந்துவிட்டது. ஆட்கள் நெருக்கத் தொடங்கினார்கள். பேச்சு அத்துடன் நின்றது.

இந்தச் சிறிய சொல்லைப் பற்றி எழுதவேண்டும் என்று பல வருடங்களாக நினைத்து வந்திருக்கிறேன். மருமகள் சொன்ன கதை அதற்குக் காரணமாயிற்று.

*

ஆங்கிலத்தில் 'பாஸ்' என்னும் சொல்லின் வேர் லத்தீன் மொழியில் காலடியைக் குறிக்கும் 'பஸ்ஸுஸ்' என்பது. ஒரு காலடி, அடுத்த காலடி, அதனால் ஓர் இடத்தைக் கடத்தல் என்று பொருள் விரிந்தது. பரீட்சையைக் கடந்தால் பாஸ். காலம் கடந்தாலும் பாஸ்; இறந்த காலத்துக்கு ஆங்கிலேயர் சொல்லும் 'பாஸ்ட்' என்பது இதே வினையின் பழைய எச்சவடிவந்தான். சாப்பாட்டு மேசையில் உப்பைக் கைமாற்றினால் பாஸ். பாராளுமன்றத்தில் சட்டம் நிறைவேறினால் பாஸ். உதைபந்தாட்டத்தில் பந்தைக் கூட்டாளியிடம் தட்டினால் பாஸ். சீட்டாட்டத்தில் கையிலே நல்ல சீட்டு இல்லாதவர் ஒதுங்கிக்கொள்வதும் பாஸ். உயிர் பிரிந்தால் 'பாஸ் எவே'. இப்போதெல்லாம் அந்த 'எவே'யையும் விட்டுவிட்டு வெறுமனே 'பாஸ்ட்' என்று சொல்கிறார்கள். அந்தச் சீனப் பெண்மணியை வீழ்த்தியது இதுதான்.

நம்மவர்களையும் வீழ்த்துகின்ற ஒன்று உண்டு. பல்கலைக்கழகப் படிப்பை முடித்து வெளியேறுவதை நாம் 'பாஸ் அவுட்' என்போம். கனடாவில் ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வில், இன்ன ஆண்டு பல்கலைக்கழகத்திற் பாஸ் அவுட் ஆனேன் என்று பெருமையோடு சொன்னால், எதிரே இருப்பவர் நாம் அங்கே மயங்கி விழுந்ததாக விளங்கிக்கொள்வார்.

ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் வினைச்சொல். தமிழுக்கு வந்தபோது பெயராகிவிட்டது. துணைக்கு ஒரு வினை இல்லாமல் அது நடமாடுவதில்லை. பரீட்சை என்றால் பாஸ் பண்ணவேண்டும். சட்டம் என்றால் பாஸாக வேண்டும். பந்து என்றால் பாஸ் குடுக்கவேண்டும். இன்னொன்றும் இருந்தது: பாஸ் எடுக்கவேண்டும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. நீங்கள் நண்பரை விளிக்கும் 'என்ன பாஸ்' வேறு சொல். அது ஒல்லாந்தரின் 'பாஸ்'. அமெரிக்கா வழியாக முதலாளி என்ற பொருளில் உங்களிடம் வந்தது. அதே ஒல்லாந்தச் சொல் இலங்கைக்கு நேரடியாக வந்து சிங்களத்தில் மேசனையும் தச்சனையும் குறித்து நின்றது. கொழும்பில் வீடு கட்டும் தமிழர்களும் 'பாஸைக் கூப்பிடு' என்பார்கள். தமிழ் எழுத்தில் எழுதும்போது இவை எல்லாம் ஒன்றாகத் தெரியும், ஒலியில் வேறு.

*

பரீட்சையில் பாஸ் பண்ணுவதைத் தமிழ்நாட்டில் தேர்ச்சி என்கிறார்கள். எங்கள் அரச ஆவணங்களில் அது 'சித்தி'. விசேட சித்தி, திறமைச் சித்தி, சாதாரண சித்தி என்று பெறுபேற்றுத் தாளில் எழுதியிருக்கும். 'எல்லாப் பாடங்களிலும் சித்தியெய்தினார்' என்று பத்திரிகையில் நாங்களும் எழுதுவோம். ஆனால் துறவி ஒருவர் உடலை நீத்தாலும் 'சித்தியடைந்தார்' என்றுதானே சொல்கிறோம்! ஆங்கிலத்தின் 'பாஸ்' போலவே நம்முடைய 'சித்தி'யும் பரீட்சை மண்டபத்தில் ஒரு காலும் சமாதியில் ஒரு காலுமாக நிற்கிறது. இத்தனை வருடங்களாகச் சித்தி என்று எழுதிவந்த எனக்கு இது வெகு காலத்துக்குப் பின்னரே உறைத்தது.

இதனிலும் வியப்பான ஒன்று உண்டு. 'இற' என்ற வினைக்கு இன்று சாதல் என்ற ஒரு பொருளே வழக்கில் நிற்கிறது. பழந்தமிழில் அதற்குக் கடத்தல், அப்பாற் செல்லுதல், வரம்பு மீறுதல் என்ற பொருள்களும் இருந்தன. திருக்குறளில் 'இறந்தார்' என்ற சொல் ஓரிடத்தில் மாண்டவரையும் இன்னோரிடத்தில் நெறி கடந்தவரையும் குறிக்கிறது. தொல்காப்பியம் மூன்று காலங்களை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று பெயரிடுகிறது. கடந்துபோன காலம் இறந்த காலம். ஆங்கிலம் ஒரு சொல்லிலிருந்து எடுத்த மூன்று பொருள்களையும் தமிழ் தன்னுடைய ஒரு சொல்லிலிருந்து எடுத்திருக்கிறது. ஒன்றை ஒன்று பார்த்து எழுதவில்லை.

சீனத்திலும் அப்படியே என்று மருமகள் பிறகு சொன்னாள். அவளுடைய மாணவர்கள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 'குவோ' என்றால் கடத்தல். அதனோடு வேறு எழுத்தைச் சேர்த்தால் கடந்த காலம். இன்னொன்றைச் சேர்த்து 'குவோஷி' என்றால் உலகைக் கடத்தல், அதாவது இறத்தல். 'குவோகுவான்' என்றால் காவற் கடவையைத் தாண்டுதல்; பரீட்சையைத் தாண்டுவதற்கும் அதைத்தான் சொல்வார்களாம்.

காவற் கடவை என்றதும் எனக்கு ஆனையிறவு ஞாபகம் வந்தது. வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகளை நீரேரி கடத்திக் குடாநாட்டுக்குக் கொண்டுவந்த இடம் அது. ஆங்கிலத்தில் 'எலிஃபன்ட் பாஸ்'. 'இற', 'பாஸ்' என்ற இரண்டு சொற்களும் ஒரே பெயர்ப்பலகையில் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்பதைப் பார்க்க விரும்புகிறவர் ஏ9 வீதியில் அந்த இடத்தில் இறங்கிப் பார்க்கலாம். அங்கிருந்து யானைகள் எங்கள் தீவகத்துக்குத்தான் வந்தன. ஊர்காவற்றுறையிற் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். துறையைக் குறிக்கும் 'கைஸ்' என்ற போர்த்துக்கேயச் சொல்லே ஊர்காவற்றுறைக்குக் 'கேய்ட்ஸ்' என்ற ஆங்கிலப் பெயராயிற்று. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், ஆனையிறவை அண்டிய ஒடுங்கிய கடவைகளிற் சிறு காவல் அரண்களை வைத்தார்கள். யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்ப்பதற்கு. கடவை என்று ஒன்று இருந்தால் அங்கே காவலும் வந்துவிடும். காவல் வந்தால் சீட்டும் வந்துவிடும். பாஸ்போர்ட்டைக் கடவுச்சீட்டு என்று மொழிபெயர்த்தவர் யாராயிருந்தாலும் விஷயம் தெரிந்தவர்.

*

இனி, எடுக்கவேண்டிய பாஸ்.

தென்னாபிரிக்காவில் கறுப்பின மக்கள் தம் சொந்த நாட்டில் நடமாடுவதற்கே பாஸ் வைத்திருக்கவேண்டும் என்று சட்டம் இருந்தது. அதை எதிர்த்து ஷார்ப்வில் என்னும் ஊரிற் கூடியவர்கள் மீது 1960 மார்ச் 21ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். 1986இல்தான் அச்சட்டங்கள் நீக்கப்பட்டன. இதைப் பாடப்புத்தகத்திலும் செய்தியிலும் படித்தபோது அது வேறொரு உலகத்துச் சங்கதி என்று நினைத்திருந்தேன்.

1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியது. ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியபோது வேலணை, மண்டைதீவு, அல்லைப்பிட்டி என்று ஊர் ஊராக மக்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். 1991இன் இறுதியிலிருந்து தீவகம் அரச படைகளின் கையிலும் குடாநாட்டின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கையிலும் இருந்தன. குடாநாட்டைவிட்டு வெளியே போகப் புலிகளிடம் பாஸ் எடுக்கவேண்டும். போனவர் திரும்பி வருவார் என்பதற்கு இங்கே ஒருவர் பிணை நிற்கவேண்டும். மறுபக்கம் கால் வைப்பதற்கு அந்தப் பக்கத்தாரின் அனுமதி வேண்டும். ஆனையிறவுப் பாதை மூடிக் கிடந்தது. சனங்கள் இருட்டில் கிளாலிக் கடலைக் கடந்தார்கள். 1995இன் முடிவில் யாழ்ப்பாணம் அரச படைகளின் கைக்கு மாறியது. அதன் பிறகு வெளியே போக இராணுவத்தின் அனுமதி வேண்டியிருந்தது. அதைச் சனங்கள் 'கிளியரன்ஸ்' என்றார்கள். கடலில் இறங்கப்போகும் மீனவரோ கடற்படையிடம் பாஸ் எடுக்கவேண்டும். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டதும் மறுபடி வரிசை நீண்டது. போர் முடிந்து ஐந்து வருடங்களின் பின்னர் 2014 ஒக்டோபரிற்கூட வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் வடக்குக்கு வரப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி கேட்டார்கள். 2015 ஜனவரியில் அது எடுக்கப்பட்டது.

எங்கள் ஊரில் 'பாஸ் பண்ணிட்டானோ?' என்று கேட்டுக்கொண்டிருந்த வாய்கள் 'பாஸ் எடுத்திட்டியளோ?' என்று கேட்கத் தொடங்கின. பரீட்சையிற் பாஸ் பண்ணுகிறவன் தானே கடக்கிறான். எடுக்கிற பாஸோ இன்னொருவர் மேசை லாச்சியில் இருந்தது.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், ஊர்காவற்றுறை மீனவர்கள் சம்பந்தப்பட்ட ஒரு செய்தியில் 'பாஸ்' என்று எழுதிக் கொடுத்தேன். மூத்த உதவி ஆசிரியர் ஒருவர் அதைச் சிவப்பு மையால் வெட்டி 'அனுமதிப்பத்திரம்' என்று திருத்தினார். தமிழ்ப் பற்றுள்ளவர், அவரிடம் நான் கற்றது மிக அதிகம். ஆனாலும் அந்தத் திருத்தம் என் மனத்துக்கு ஒப்பவில்லை. அனுமதிப்பத்திரம் என்றவுடன் வானொலிப் பெட்டிக்கும் சைக்கிளுக்கும் அந்தக் காலத்தில் எடுத்த துண்டுதான் நினைவுக்கு வரும். அதற்காக யாரும் விடியற்காலை நான்கு மணிக்கு வரிசையில் நின்றதில்லை. அது கிடைக்கவில்லை என்று யாரும் பட்டினி கிடந்ததும் இல்லை. பிற்காலத்தில் நான் மேசையில் இருந்தபோது நிருபர்கள் 'பாஸ்' என்று எழுதினால் வெட்டாமல் விட்டுவிடுவேன். அது தமிழ்ச்சொல் ஆகிவிட்டதா என்று கேட்டால், வரிசையில் நின்றவர்களைக் கேளுங்கள் என்பேன்.

*

நயினாதீவிலிருந்து திரும்பும் படகில் மருமகள் மறுபடி கேட்டாள். "மாமா, காலமை நான் சொன்ன கதைக்கு ஏன் ஒண்டும் பேசாமல் நிண்டனீங்கள்?"

சொன்னேன்.

1990இல் நாங்கள் வேலணையை விட்டு வெளிக்கிட்டபோது என் அம்மம்மா, அதாவது இவளுடைய பூட்டி, வர மறுத்துவிட்டார். ஆட்டையும் மாட்டையும் ஆர் பார்க்கிறது என்றார். தன் கூடப்பிறந்தவளும் வராததால் துணை இருக்கிறது என்றார். இரண்டு கிழமையில் திரும்பி வருவோம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். பண்ணைக் கரையில் நின்றால் மண்டைதீவு தெரியும். அதற்கு அப்பால் வேலணை. சாதாரண காலத்தில் பஸ்ஸில் அரைமணி நேரம். அந்த அரைமணி நேரம் வருடக் கணக்காயிற்று.

அம்மா தன் தாயைப் பார்க்கப் போவதற்குப் பாஸ் கேட்டு எழுதிக் கொடுத்தார். போவதற்கு ஒரு துண்டு வேண்டும், அங்கே சேருவதற்கு ஒரு துண்டு வேண்டும். எந்த மேசையில் அது கிடந்து இழுபட்டது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் காலத்துக்குக் காலம் மாறினார்கள். மேசைக்கு முன்னால் நின்றது எப்போதும் நாங்கள்தான். அம்மா கிழமைக்கு ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வருவார். 'அடுத்த கிழமை வாங்கோ' என்பார்கள். வீட்டில் எந்த நேரமும் அதே பேச்சு. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த நாட்களில் அவர் ஒரு நாளில் அதிக தடவை உச்சரித்த ஆங்கிலச் சொல் பாஸ்தான்.

1993இல் லண்டனிலிருந்து மாமாவின் மகன் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. கொழும்பு வந்து, வன்னி வந்து, கடல் கடந்து, ஒரு மாதத்துக்கும் மேலாகப் பிரயாணம் செய்த கடிதம். சிறு வயதிலேயே போனவன். தமிழில் எழுதும் பழக்கம் விட்டுப்போனதால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் திரி போட்டு எரித்த விளக்கின் முன்னால் இருந்து, வழக்கம்போல் உரத்து வாசித்து வரிக்கு வரி தமிழிற் சொல்லத் தொடங்கினேன். சுகம் விசாரித்த வரிகள் முடிந்தன. அடுத்த வரியை, பொருளை உணருமுன்பே, வாய் வாசித்துவிட்டது.

"அம்மம்மா பாஸ்ட் எவே..."

நான் நிறுத்திவிட்டேன். அம்மா குசினி வாசலில் நின்றிருந்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"என்ன தம்பி, அம்மாவுக்குப் பாஸ் குடுத்திட்டினமோ? வரப்போறாவோ?"

நான் "ஓம்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. பொய் சொல்லவேண்டும் என்று தீர்மானித்துச் சொல்லவில்லை. அந்த முகத்துக்கு வேறு பதில் அந்த நேரத்தில் என்னிடம் இருக்கவில்லை. அம்மா அன்றிரவு நெடுநேரம் தூங்கவில்லை. தன் தாய்க்கு முன் அறையை ஒழுங்கு செய்வதா, நடு அறையை ஒழுங்கு செய்வதா என்று எனக்குக் கேட்கும்படி யோசித்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து ஒரு புதுச் சேலையை எடுத்துத் தனியாக வைத்தார். அம்மம்மாவுக்குப் பல் இல்லை, அரிசிமாப் பிட்டுத்தான் அவிக்கவேண்டும் என்றார். நான் இருட்டிற் படுத்திருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன்.

விடிந்ததும் கிணற்றடியில் வைத்துச் சொன்னேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றுக் கட்டில் இருந்தார். கடிதத்தில் இருந்த திகதியைக் கேட்டார். விரல்விட்டு எண்ணினார். அந்தியேட்டியும் முடிந்துவிட்டிருந்தது. துடக்குக் காக்கவும் நாள் மிச்சமில்லை. தலையில் வார்த்துக்கொள்வது ஒன்றுதான் செய்யக்கூடியது. வார்த்தார்.

அன்று மாலை ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "ராத்திரியே சொல்லியிருக்கலாம் தம்பி. ஒரு விளக்காவது வைச்சிருப்பன்."

அதன்பிறகு அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. பாஸ் கேட்டும் போகவில்லை. வேலணையில் நடந்த மரணம், கப்பலில் வந்த யாரோ ஒருவர் வாயால் கொழும்புக்குப் போய், தொலைபேசியில் லண்டனுக்குப் போய், அங்கிருந்து கடிதமாகி, பண்ணைக் கடலின் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கடிதத்துக்குப் பாஸ் தேவைப்படவில்லை.

*

படகு குறிகட்டுவானை நெருங்கிக்கொண்டிருந்தது. மருமகள் சிறிது நேரம் பேசவில்லை. அவள் அறிந்த அம்மம்மா, ஸ்காபரோவில் அவர்களுடைய வீட்டில் கடைசிப் பத்து வருடங்களைக் கழித்த என் அம்மாதான். இவளுடைய பள்ளிக்கூடப் பரீட்சைப் பெறுபேறுகள் வரும் நாட்களில் மட்டும் அவர் 'பாஸோ?' என்று கேட்கமாட்டாராம். 'சித்தியோ பிள்ளை?' என்றுதான் கேட்பாராம். ஊர்ப் பழக்கம் என்று இவள் நினைத்திருந்தாள். நானும் அதை இப்போதுதான் அறிகிறேன்.

வேறு மொழியிலிருந்து வருகிற சொல், தன் எல்லாப் பொருள்களையும் சுமந்துகொண்டு நம்மிடம் வருவதில்லை. எந்த இடத்தில் நமக்கு அது தேவைப்பட்டதோ அந்த இடத்துப் பொருளோடு வருகிறது. சீன மொழியில் உலகைக் கடத்தல் என்றாலும் இறத்தல்தான் என்று அந்தப் பெண்மணிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஆங்கிலத்துப் பாஸ் அவருக்குப் பரீட்சை மேசையில் கிடைத்தது. என் அம்மாவுக்கு அது வேறு மேசையிற் கிடைத்தது.

"அவவை இனிக் காணேக்க, அந்தச் சொல்லை முதன்முதல் எங்க கேட்டனீங்கள் எண்டு கேக்கவேணும்" என்றாள் மருமகள்.

படகு கரையைத் தட்டியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டும் அர்ச்சனைத் தட்டுகளைப் பிடித்துக்கொண்டும் சனங்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். யாரும் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் இறங்கி, பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தோம்.